முகம் பார்த்து வாங்கிய மீன்

செவுளண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி அந்தத் தெருவில் குடியிருக்கிற நம்ம சனம் அத்தனை பேருக்கும் அவர் செவுளண்ணன்தான். பிள்ளைகளுக்குச் செவுள் மாமா. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார், அதனால் வந்த பேர். கோபமெல்லாம் இல்லை அவருக்கு. "திருடன்னு கூப்பிடலையே, அது வரைக்கும் சந்தோசம்" என்பார்.

பிழைக்க வந்த ஊரில் அவருக்குப் பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பை இந்த முனையில் இவர் பிடிக்க, அந்த முனையில் இன்னொருவர் பிடிக்க, சூட்டு உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி விறைப்பாக வரும். மடித்து அடுக்க வேண்டியது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் வெள்ளை, வெள்ளை, வெள்ளைதான். "அஞ்சு நாள் வெள்ளையையே பார்த்துக் கண்ணு பூத்துப் போயிடுது. சனிக்கிழமை ஒரு நல்ல மீனோட செவுள் சிவப்பைப் பார்த்தாத்தான் கண்ணுக்கு உசுரு திரும்புது" என்று பெண்சாதியிடம் சொல்வார். அந்த அம்மாள், "என் சேலையும் சிவப்புதான், அதை என்னைக்காவது பார்த்தீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

வந்த புதிதில் எட்டு மாசம் அவர் மீனே தின்னவில்லை. பெரிய கடைகளில் மீன் இல்லாமல் இல்லை. தோலை உரித்து, தலையை வெட்டி, முள்ளை உருவி, தட்டில் படுக்கவைத்து, மேலே கண்ணாடித் தாள் இழுத்துப் போர்த்தி வைத்திருந்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். "பொண்ணு பார்க்க வரச்சொல்லிட்டு முகத்தைக் காட்ட மாட்டேங்கறான். முகம் பார்க்காத மீனை நான் எப்படி நம்புறது?" என்றார்.

பிறகுதான் ஆண்டவன் ஒரு வழி காட்டினான். பேருந்து கடைசியாக நிற்கிற இடத்தில், கடலை ஒட்டி, தகரக் கூரை போட்ட மீன் கூடம் ஒன்று இருந்தது. ஆறு கடை. மூன்றாவது கடையில் ரப்பர் ஏப்ரனும் முழங்கால் வரைக்கும் ரப்பர் காலணியும் போட்ட ஒரு மீன்காரம்மா. தலையோடும் வாலோடும் மீன்கள் ஐஸில் கிடந்ததைப் பார்த்ததும் இவருக்குச் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த ஊர்ப் பேச்சு அவருக்கு இன்றைக்கும் சரியாக வராது, அப்போது சுத்தமாக வராது. நேராகப் போய் ஒரு மீனின் செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கினார். மீன்காரம்மா புறங்கையில் ஒரு அடி போட்டாள். அடி விழுந்தது நிஜம். செவுள் செம்பருத்திப் பூவாட்டம் சிவந்திருந்ததும் நிஜம். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அது நடந்து பதினொரு வருசம் ஆகிறது. இப்போது அவர் தலை தெரிந்தாலே மீன்காரம்மா தானாகவே ஒவ்வொரு செவுளாகத் தூக்கிக் காட்டுவாள். நல்லது இல்லாத நாளில் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, "போ, போ" என்று விரட்டியும்விடுவாள். மீன் வாங்கப் போகிறவனுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அந்த ஊர் மீன்களின் பேர் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் அவரே பேர் வைத்துவிட்டார். கண் பெரிசாக இருப்பவன் முழியன். கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருப்பவன் கோவக்காரன். தோளில் கோடு கோடாக இருப்பவன் பட்டாளத்தான். மங்கிப்போன நிறத்தில் இருப்பவன் சாம்பல் சட்டை. தெருவில் எல்லாருக்கும் இந்தப் பேர்தான் வழக்கம். குழம்புக்கு முழியன், வறுக்கப் பட்டாளத்தான், சாம்பல் சட்டை மழை பெய்தால் சேற்று வாடை அடிக்கும், தொடாதே. யாராவது கடையில் நின்றுகொண்டு போன் போடுவார்கள்.

"அண்ணே, முழியன் இருக்கு. வாங்கலாமா?"

"கண்ணு எப்படி இருக்கு?"

"என்னையே பார்க்குதுண்ணே."

"பார்க்குதா, முறைக்குதா?"

"முறைக்குது."

"அப்ப வாங்கு. பாவமாப் பார்த்தா விட்டுட்டு வந்துடு."

ஒரு தடவை சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர் ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார். செவுள் சிவப்பு, கண் தெளிவு, எல்லாம் சரி. எங்கே பிடித்தீர்கள் என்று இவர் கேட்டார். சாயப் பட்டறைக்குக் கீழே என்றார் அவர். செவுளண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அந்தத் தண்ணியில துணி அலசச் சொன்னாலே நான் அலச மாட்டேன். அதுல வளர்ந்ததை எப்படி வயித்துக்குள்ள விடுறது?" இந்த நியாயத்தை அவரே பிற்பாடு மறக்கப் போகிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவருடைய தங்கச்சியும் அதே கட்டடத்தில்தான் இருந்தாள். இவர் மூன்றாம் மாடி, அவள் கீழ்த்தளம். மாப்பிள்ளை பேருந்துப் பணிமனையில் மின்சார வேலை. சாதுவான மனுசன், ஆனால் வாய் சும்மா இருக்காது. கல்யாணமாகி ஏழு வருசம் பிள்ளை இல்லை. செவுளண்ணன் காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. "அவளுக்கு ஒண்ணைக் குடு சாமி" என்பதுதான் வேண்டுதல். எட்டாம் வருசம் சாமி காது கொடுத்துக் கேட்டது. பெண் குழந்தை. தாய்மாமன் என்றால் சும்மாவா? மாடிப்படியில் மூன்று மூன்று படியாகத் தாண்டி இறங்கியதில் அவருக்கு முழங்கால் பிசகி, ஒரு வாரம் நொண்டினார்.

ஆனால் பதினைந்து நாளில் அந்த வீட்டுச் சிரிப்புக் குறைந்துபோனது. தங்கச்சிக்குப் பால் போதவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். அந்த ஊரில் ஒரு நர்ஸம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து, பையிலிருந்து தராசு எடுத்துக் குழந்தையை நிறுப்பார். மாப்பிள்ளை, "நம்ம மீன்காரம்மா தராசு மாதிரியே இருக்கு மச்சான்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். முள் மட்டும் ஏறவில்லை. நாலு தடவை நிறுத்தும் அதே இடம். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் நர்ஸம்மா. முதலில் தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், பிள்ளையை அடிக்கடி நெஞ்சில் போட வேண்டும் என்றும் சொன்னார். எங்கே? தங்கச்சிக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் அம்மா போன் போட்டாள். அம்மா தூரத்தில், சின்ன மகன் வீட்டில் இருக்கிறாள்.

"டேய், என்னடா பிள்ளைக்குப் பால் பத்தலையாமே?"

"ஆமாம்மா."

"அங்க சுறா கிடைக்காதா?"

"தேடணும்மா."

"தேடுடா! தாய்மாமன்னு எதுக்கு இருக்கே? சுறா தின்னா சுரக்கும். உன்னைப் பெத்தப்ப தின்னேன், இவளைப் பெத்தப்ப தின்னேன். சும்மாவா தடிமாடு மாதிரி வளர்ந்தீங்க?"

சுறா தின்றால் சுரக்கும். சின்னதிலிருந்து காதில் விழுந்த சொல். செவுளண்ணன் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாளே மீன்காரம்மாவிடம் போய், கையை முதுகில் துடுப்பு மாதிரி வைத்து ஆட்டிக்காட்டி, பல்லையும் காட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்குப் புரிந்தது. வந்தால் எடுத்து வைக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை எடுத்து வைத்திருந்தாள். இரண்டு முழ நீளம். கருஞ்சாம்பல் தோல், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செவுளண்ணன் பழக்கத்தில் கட்டைவிரலைக் கொண்டுபோனார். விரல் அப்படியே நின்றுவிட்டது. சுறாவுக்குச் செவுள் மூடி ஏது? கழுத்தோரம் கத்தியால் கீறின மாதிரி அஞ்சு கோடு. தூக்க ஒன்றுமில்லை. உள்ளே பார்க்க வழியில்லை. மோந்து பார்த்தார். கெட்டுப்போன சுறாவில் அடிக்கிற காரநெடி இல்லை, நல்ல மீன்தான். ஆனாலும் பதினொரு வருசத்தில் முதல் தடவையாக முகம் பார்க்காமல் ஒரு மீனை வாங்கினார். "அம்மா சொல்லு இருக்கு, அப்புறம் என்ன" என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு பையில் போட்டார். வால் மட்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு பேருந்தில் எல்லாருக்கும் டாட்டா காட்டியபடி வந்தது.

தங்கச்சி வீட்டுக் கதவைத் திறந்தால் நர்ஸம்மா உட்கார்ந்திருக்கிறார். முள் அன்றைக்கும் ஏறவில்லை. நர்ஸம்மா கண் பையில் நீட்டியிருந்த வாலைப் பார்த்தது. எழுந்து கிட்டே வந்து பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னார். நர்ஸம்மா இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார்.

"என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?"

"பிள்ளை பெத்தவங்களுக்குச் சுறா கூடாதாம் மச்சான்."

செவுளண்ணனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "கெட்ட மீனுன்னு சொல்றாங்களா? என் கையால நான் இதுவரைக்கும் கெட்ட மீனு கொண்டாந்திருக்கேனா? மோந்து பார்க்கச் சொல்லுங்க!"

மாப்பிள்ளை அதை எடுத்துச் சொன்னார். நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி உட்கார்ந்து, குழந்தையின் எடைச் சீட்டைத் திருப்பிப் பேனாவால் ஒரு படம் போட்டார். பொடி மீன் ஒன்று. அதற்குள் ஒரு புள்ளி. பொடி மீனைத் தின்கிற கொஞ்சம் பெரிய மீன். அதற்குள் பத்துப் புள்ளி. அதைத் தின்கிற அதைவிடப் பெரிய மீன். கடைசியில் பல்லும் துடுப்புமாக ஒரு சுறா, உடம்பெல்லாம் புள்ளி.

"அந்தப் புள்ளி பாதரசமாம் மச்சான். கடல்ல கலந்திருக்கிறது. சின்ன மீன் துளி முழுங்கும். அதுமாதிரி ஆயிரத்தைத் தின்னுட்டு வருசக்கணக்கா உயிரோட இருக்கிற பெரிய மீன் உடம்புல அத்தனையும் சேர்ந்துடுமாம். வேகவச்சாலும் போகாதாம். தாய்ப்பால் வழியா பிள்ளைக்கு இறங்கினா மூளைக்கு நல்லதில்லையாம். நம்மள மாதிரி ஆளுங்க எப்பவாவது ஒரு துண்டு தின்னா பரவாயில்லையாம்."

"செவுள் நல்லா இருந்தாலும்?"

மாப்பிள்ளை அதையும் கேட்டார். நர்ஸம்மா சொன்ன பதிலை மாப்பிள்ளை கொஞ்சம் மெதுவாகத்தான் தமிழில் சொன்னார். "அது செவுள்ல தெரியாதாம் மச்சான்."

செவுளண்ணன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். கண், செவுள், வயிறு, வாடை, எல்லாம் பார்க்கத் தெரிந்த மனுசன். பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாத கெடுதல் ஒன்று உண்டு என்றால் அவர் என்ன செய்வார்? சாயப்பட்டறைத் தண்ணீரும் செவுளில் தெரியவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நர்ஸம்மா போகும்போது படத்தில் பொடி மீனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அவர் கையில் கொடுத்தார். இதைக் கொடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடு, நல்லது என்றார்.

தங்கச்சி படுக்கையிலிருந்து, "அண்ணா, நீ எது குடுத்தாலும் நான் சாப்பிடுறேன். உன் கையால வந்தா எனக்குப் பயமில்லை" என்றாள்.

அவள் வேறு என்ன சொல்லியிருந்தாலும் தேவலை. இந்தச் சொல்தான் அவர் தலையில் பாறாங்கல்லாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் பெற்ற தாய். ஒரு பக்கம் படித்த நர்ஸம்மா. நடுவில் முள் ஏறாத ஒரு குழந்தை. மாடிக்குப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றார். "எனக்கு அஞ்சாப்புப் படிப்புதான். நீதான் பார்த்துக்கணும்" என்றார். சாமி வாய் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மூடினபோது அவருக்குத் தெரிந்தது சுறாவின் கழுத்தில் இருந்த அஞ்சு கோடுதான். மூடி இல்லாத, தூக்கிப் பார்க்க முடியாத செவுள். "முகம் காட்டாததை நீ நம்பினதே இல்லையே" என்று யாரோ காதுக்குள் சொன்ன மாதிரி இருந்தது. அத்தோடு முடிவு பண்ணிவிட்டார்.

சுறாவைக் குப்பையில் போட மனசு வரவில்லை. அதுவும் ஆண்டவன் படைத்த உயிர்தானே. பெண்சாதி அதைச் சுத்தம் பண்ணிக் குழம்பு வைத்தார். இவர், பெண்சாதி, மாப்பிள்ளை மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை துண்டைக் கையில் எடுத்துவிட்டு யோசித்தார்.

"மச்சான், எனக்கு ஒரு சந்தேகம்."

"என்ன மாப்பிள்ளை?"

"எனக்குச் சுரந்துட்டா என்ன பண்றது?"

பெண்சாதி சோற்றுத் தட்டோடு அடுப்படிக்கு ஓடிவிட்டார், சிரிப்பில் புரையேறி.

மறுநாள் ஞாயிறு, மீன் கூடம் அரை நாள் உண்டு. செவுளண்ணன் எடைச் சீட்டை நீட்டி, வட்டத்துக்குள் இருந்த பொடி மீனைக் காட்டினார். மீன்காரம்மா படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு காலடியில் கிடந்த வாளியை உதைத்து முன்னே தள்ளினாள். விரல் நீளத்துக்கு மீன்கள், புது ஊசி மாதிரி மினுமினுத்தன. தூண்டில்காரர்கள் கொக்கியில் குத்துவதற்கு வாங்குவார்கள். மிச்சம் அங்கே திரிகிற பூனைகளுக்கு. பதினொரு வருசமாக அந்த வாளியை அவர் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

"தாய்மாமன் கொண்டுபோற சீரு பூனைத் தீனியா?" என்று மனசு கேட்டது. பேசாமல் குனிந்தார். ஒரு மீனை எடுத்தார். கட்டைவிரல் அதற்கு உலக்கை. சுண்டுவிரல் நகத்தை நுழைத்துக் கடுகளவு மூடியைத் தூக்கினார். மீன் கூடமே சிரித்தது. மீன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மூடிக்குள்ளே குங்குமம் தொட்டு வைத்த மாதிரி ஒரு சிவப்பு. கண் குத்தூசி முனை அளவுதான். ஆனாலும் முறைத்தது!

வீட்டில் பெண்சாதி பையைக் கொட்டினதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, இதுக்குப் பேரு மீனா, மீன் விதையா?"

"சின்னதுதான் நல்லதாம்."

"நூறு இருக்கும் போல. நூத்துக்கும் செவுள் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்ப நூத்துக்கும் தலையை நீங்களே கிள்ளுங்க."

கிள்ளினார். தினத்தாளை விரித்து, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். மூன்று மணி நேரம். படுக்கை விரிப்பு மடிக்கிற கைக்கு அது பெரிய தண்டனை. நகக்கண்ணெல்லாம் எரிந்தது. பெண்சாதி மிளகும் பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து, கொதி வந்ததும் மீனைப் போட்டு, கரண்டி படாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றி இறக்கினார். முள் எல்லாம் வெந்து பஞ்சாகிவிட்டது.

கீழே கொண்டுபோய்ச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். தங்கச்சி முதல் வாயை மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வைத்தாள். அப்புறம் பேச்சைக் காணோம். செவுளண்ணன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வாய் இறங்கும்போதும் இவர் எச்சில் விழுங்கினார். தட்டு காலியானது. விரலை நக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, இன்னும் இருக்கா?"

பெண்சாதி சட்டியோடு தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். "சட்டியிலேயே கையை விட்டுக்க, தாயே. இருபது நாளா நீ சோறு தின்னு நான் பார்க்கலை."

சாயந்திரம் அம்மா போன் வரப் போகிறது. சுறா கொடுத்தாயா என்று கேட்பாள். செவுளண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். சொன்னால் காது சிவந்துவிடும். இல்லை என்று சொன்னால் அம்மா அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவாள். கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தங்கச்சிதான் வழி சொன்னாள்.

"இந்த மீனுக்கு இன்னும் பேரு வைக்கலையே அண்ணா?"

"இல்லையே."

"தின்னா சுரக்கணும். அதனால சுரான்னு வை. சின்ன 'ர'. போன்ல பெரிய 'ற'வா சின்ன 'ர'வான்னு யாருக்குத் தெரியப் போகுது?"

மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். "ஏழு வருசமா இந்த மூளையை எங்கடி வச்சிருந்தே?"

போன் வந்தது.

"குடுத்தியாடா?"

"குடுத்தேம்மா. சுராதான்." காது சிவந்தது. நல்ல வேளை, போனில் காது தெரியாது.

"தின்னாளா?"

"சட்டியோட தின்னாம்மா."

"உன் குரல் ஏன் கம்மிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. காலையில இருந்து நூறு தலை கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் ஓஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் அம்மா ஒரு தடவை செருமினாள். "சரி சரி, நல்லா குடு" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

அந்த வாரம் மூன்று நாள் பொடி மீன். மற்ற நாள் அண்ணி கையால் கீரையும் பருப்பும் முட்டையும். வயிறு நிறைந்ததும் தங்கச்சிக்குத் தூக்கம் வந்தது, முகம் தெளிந்தது. நர்ஸம்மா சொன்னபடி பிள்ளையை அழும்வரை காத்திராமல் அடிக்கடி எடுத்து நெஞ்சில் போட்டாள். மீன் சுரக்கவைத்ததா, சோறு சுரக்கவைத்ததா, ஏழு வருசம் கேட்டதைக் கொடுத்த சாமி மிச்சத்தையும் பார்த்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல நமக்கு அறிவு போதாது. அடுத்த சனிக்கிழமை நர்ஸம்மா தராசில் குழந்தையைப் படுக்கவைத்தார். செவுளண்ணன் மீன் நிறுக்கும்போது பார்ப்பது போலக் குனிந்து முள்ளையே பார்த்தார். முள் ஏறியது. நல்லாவே ஏறியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் நர்ஸம்மா. செவுளண்ணன் நர்ஸம்மாவைக் கும்பிட்டார், தராசைக் கும்பிட்டார், குழந்தை காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சுகம்தான். ஆனால் நல்ல செய்திக்குக் கால் முளைத்துவிட்டது. செவுளண்ணன் சுரா கொடுத்தார், தங்கச்சிக்குப் பால் பொங்கிவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. வாயால் சொன்னது காதால் கேட்டது. சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் காதுக்கு ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து எதிர்க் கட்டடத்து டாக்சி டிரைவரின் பெண்சாதி வந்து கதவைத் தட்டினாள். எட்டு மாச வயிறு. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"அண்ணே, இவரு நேத்துப் பெரிய சுறாத் துண்டா பார்த்து வாங்கிட்டு வந்துட்டார். ரெண்டு கிலோ. இப்பவே ஆரம்பிச்சா பிள்ளை பிறக்கிறப்ப பால் ஊறிடும்ல? எப்படி வைக்கிறதுன்னு அண்ணியைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

செவுளண்ணன் பதறி எழுந்தார். "தின்னுட்டியாம்மா?"

"இன்னும் இல்லண்ணே. ஐஸ்பெட்டியில இருக்கு."

"ஆண்டவன் இருக்கான்" என்று சொல்லி அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்த எடைச் சீட்டை எடுத்து வந்தார். நர்ஸம்மா போட்ட படத்தை விரித்து, புள்ளி புள்ளியாகக் காட்டினார். சின்ன 'ர'வின் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். "தப்பு என்னுதுதாம்மா. அம்மா மனசு நோகக்கூடாதுன்னு ஒரு எழுத்தை மாத்தினேன். அது உன் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு." அவள் முதலில் விழித்தாள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த ரெண்டு கிலோவையும் அவருக்கே போட்டுடறேண்ணே."

"ஒரே நாள்ல எல்லாத்தையும் போட்டுடாதே, பாவம்" என்றார் இவர். அவளுக்குக் கையோடு ஒரு கிண்ணம் பொடி மீன் குழம்பு ஊற்றிக்கொடுத்து, படியில் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு வரும்படி பெண்சாதியை அனுப்பினார்.

அதற்கு மேல் அவரால் இருக்க முடியவில்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"சொல்லுடா."

"அன்னைக்குத் தங்கச்சிக்குக் குடுத்தது சுறா இல்லம்மா. பொடி மீனு. அதுக்குச் சின்ன 'ர' போட்டுச் சுரான்னு நாங்க வச்ச பேரும்மா. நர்ஸம்மா சுறா ஆகாதுன்னு..."

"தெரியும்டா."

"தெரியுமா? எப்படிம்மா?"

"காலையில இருந்து தலை கிள்ளினேன், தலை கிள்ளினேன்னு அழுதியே. சுறாவுக்கு எத்தனை தலைடா?"

செவுளண்ணன் சிவந்த காதைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் வந்து நின்ற பெண்சாதி போனிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஏம்மா நீ ஒண்ணும் கேக்கலை?"

"நீ காரணமில்லாம என்கிட்ட பொய் சொல்லுவியா? உன் தங்கச்சி விசயத்துல நீ தப்புப் பண்ண மாட்டே. சட்டியோட தின்னான்னு சொன்னே, எனக்கு அது போதும். ஆனா ஒண்ணு, அந்தப் பேரை மாத்திடு. கண்ட பிள்ளைத்தாச்சியும் கேட்டுட்டு ஏமாந்துடப் போறா."

"வேற என்ன பேரு வைக்கிறது?"

"நூறு தலையைக் கிள்ளினேல்ல? நூறுதலையன்னு வை. எந்தக் காதுல விழுந்தாலும் அது வேற ஒண்ணாக் கேக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏண்டா, முள்ளு குத்தாதா அது?"

"பஞ்சா வெந்துடும்மா."

"எனக்கும் பல்லு இல்ல பாரு. வர்றப்ப ஆக்கித் தரச் சொல்லு உன் பெண்சாதிகிட்ட."

இப்போது அந்தத் தெருவில் நூறுதலையன் என்றால் எல்லாருக்கும் தெரியும். டிரைவர் வீட்டிலும் பெண் குழந்தை, நல்ல எடை. மீன்காரம்மா வாளியைக் காலடியிலிருந்து தூக்கி மேடை மேலேயே வைத்துவிட்டாள். பூனைகள்தான் செவுளண்ணனைக் கண்டால் முறைக்கின்றன. எடைச் சீட்டு நைந்துபோய், மாப்பிள்ளை அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறார். பெரிய மீன் எதையும் கையில் எடுக்கும் முன்னால் செவுளண்ணன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். செவுள் பார்ப்பதையும் விடவில்லை. சனிக்கிழமை காலையில் போனால் பார்க்கலாம். வாளிக்கு மேல் குனிந்து, சுண்டுவிரல் நகத்தால், கடுகளவு மூடியை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அவசரப்பட்டால் மீன்காரம்மாவே அவர்களை அதட்டுவாள்.